ஒண்டுமில்ல, மாமி

தேற்றாத்தீவு
11.02.2024

அன்புள்ள மச்சாள் ஆர்த்திகாவுக்கு,

மாமியின் ஒரே மகள் கண்டிக் குளிரில் விறைத்துப்போகாமல் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், தோணி எல்லோரும் சுகம். தோணியின் எஞ்சினுக்கு மட்டும் இடைக்கிடை இருமல்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் சிவப்புப் பேனாதான் காரணம். போனில் ஆங்கிலம் எழுதி அனுப்பினால் ஒரு சிரிக்கும் பொம்மையைப் பதிலாக அனுப்பிவிட்டுப் படுத்துவிடுவாய். ஆங்கில ஆசிரியையாகப் படிக்கிறவள் தாளைக் கண்டால் சும்மா விடமாட்டாய். இனி ஒவ்வொரு கடிதத்துக்குள்ளும் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருக்கும். தயவு தாட்சண்யம் பார்க்காதே.

ஜூலையில் மட்டக்களப்பில் சுற்றுலா வழிகாட்டி அனுமதிப்பத்திரத்துக்கு நேர்முகம் வைக்கிறார்கள். முழுக்க ஆங்கிலம். ஓட்டமாவடி நௌஷாட் பாசிக்குடா ஹோட்டல்காரரைத் தன் வானில் ஏற்றிக்கொண்டு வருவதும், அவர்கள் லகூன் என்று சொல்லும் நம்முடைய ஆற்றை நான் தோணியில் சுற்றிக் காட்டுவதும் உனக்குத் தெரியும். பத்திரம் இல்லாமல் இனி அது நடக்காதாம். கிடைக்காவிட்டால், ஜெயந்தன் அண்ணா கட்டாரில் எனக்கு ஒரு விசா பிடித்து வைத்திருக்கிறார், செப்டெம்பரில் ஏற வேண்டியதுதான். எனக்கு இந்த ஆற்றை விட்டுப் போகத் துளியும் விருப்பமில்லை. இதை அண்ணாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

என் ஆங்கிலத்தின் லட்சணத்தைக் கேள். போன கிழமை வயதான ஒரு ஆங்கிலேயத் தம்பதி வந்தார்கள். அம்மணி என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். நானும் பெருமையாக, "மை ஃபாதர் லிவ்ட் ஹியர் ஆல் ஹிஸ் லைஃப். ஹீ வாஸ் எ ஃபிஷர்மேன்" என்றேன். அம்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு "சொறி, சொறி" என்கிறார். ஐயா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். என்ன ஏதென்று விளங்காமல் நௌஷாட்டும் முகத்தைத் தொங்கப்போட்டான். கரைக்கு வந்தால் அப்பா வலைக்குச் சிக்கெடுத்தபடி "வாங்க, வாங்க" என்று பல்லைக் காட்டுகிறார். இவர் யார் என்று அம்மணி கேட்டார். "மை ஃபாதர்" என்றேன். அம்மணி நௌஷாட்டின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

நான் எங்கே பிழை விட்டேன்?

உன் திருத்தத்துக்குக் காத்திருக்கும்,
நிதுர்ஷன் மச்சான்


கல்லூரி விடுதி, கண்டி
25.02.2024

என் மாமாவை உயிரோடு புதைத்த மச்சானுக்கு,

நான் சுகம். குளிருக்குக் காலுறை இரண்டு சோடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன். என் அறைத் தோழி, காத்தான்குடி முப்லிஹா, உங்கள் கடிதத்தைக் கேட்டுத் தேத்தண்ணியைக் கட்டிலில் கொட்டிவிட்டாள். கட்டில் என்னுடையது.

"லிவ்ட்", "வாஸ்" என்றால் சங்கதி முடிந்துவிட்டது, கதவைப் பூட்டியாயிற்று. வாழ்நாள் முழுக்க வாழ்ந்தார், மீனவராக இருந்தார் என்றால் வேறென்ன நினைப்பார்கள்? மாமா அங்கே பிறந்தார், இன்னும் அங்கேதான் இருக்கிறார். கதவு திறந்தபடி. அதற்கு "ஹாஸ் லிவ்ட்". பாவம் அந்த அம்மணி, வினைச்சொல்லைக் கேட்டுச் செத்த வீட்டுக்கு வந்துவிட்டார்.

தமிழிலேயே யோசியுங்கள். "நேற்று முதலையைப் பார்த்தேன்" என்றால் கேட்கிறவர் நேற்றைப் பார்க்கிறார். "நான் முதலை பார்த்திருக்கிறேன்" என்றால் உங்களைப் பார்க்கிறார். இவன் முதலை பார்த்த ஆள் என்று மதிக்கிறார். முதலாவதுக்கு "ஐ சோ", இரண்டாவதுக்கு "ஐ ஹேவ் சீன்". நேற்று, போன கிழமை என்று நாள் ஒட்டிக்கொண்டு வந்தால் "ஹேவ்" வேண்டாம். "யெஸ்டர்டே"யையும் "ஹேவ் சீன்"ஐயும் ஒரே தோணியில் ஏற்றினால் கவிழும்.

வீட்டுவேலை தருகிறேன். "இந்த ஆற்றில் இதுவரை நான் பார்த்தவை." ஒரு பக்கம் எழுதுங்கள். நேர்முகத்தில் முதலில் இதைத்தான் கேட்பார்கள். நீங்கள் கட்டாருக்குப் போவது எனக்கும் விருப்பமில்லை. அங்கே போனால் சிவப்புப் பேனாவுக்கு வேலையில்லாமல் போய்விடும்.

மாமா உயிரோடு இருப்பதை நான் உறுதிப்படுத்தியதாக அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆர்த்திகா


தேற்றாத்தீவு
17.03.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

இரண்டு சோடிக் காலுறைக்குள் இருக்கும் கால்கள் நலமா? இங்கே வெயில் தோலை உரிக்கிறது. கொஞ்சம் பொதி செய்து அனுப்பட்டுமா?

உன் செய்தியை அப்பாவிடம் சொன்னேன். "மருமகள் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்" என்றார்.

இத்துடன் இருக்கும் தாளில் ஒரே ஒரு வசனம்தான் இருக்கும். "ஐ ஹேவ் சீன் நதிங் ஸ்பெஷல்." கோபிக்காதே. பேனாவை எடுத்தால் அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. எங்கள் கரைப் பழக்கம் உனக்குத் தெரியாததா? மீன் எடுக்க வரும் அப்துல் கபூர் காக்கா, "என்ன கோணாமலை, என்ன பட்டது?" என்று கேட்பார். பெட்டிக்குள் இறால் துள்ளும் சத்தம் அவருக்கே கேட்கும். அப்பா, "ஒண்டுமில்ல காக்கா" என்பார். காக்காவும், "சரி, அந்த ஒண்டுமில்லாததத் தூக்கு, நிறுப்பம்" என்பார். பட்டதை வாயால் சொன்னால் கண்ணூறு, மறுநாள் வலை வெறுமையாக வரும். இதைக் கேட்டே வளர்ந்தவன் ஒரு பக்கம் நிறைய எதைச் சொல்வான்?

போன வெள்ளிக்கிழமை மாமி வந்திருந்தார். பட்டுச் சேலை. பெட்டி நிறைய அச்சுப் பலகாரம், கதலிப்பழம், வெற்றிலை. "என்ன மாமி விசேஷம்?" என்றால், "சும்மாதான் வந்தன் மனே" என்றார். அம்மாவும் மாமியும் குசினிக்குள் குசுகுசு. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரம், "மனே, உன்ட மனசில என்னவும் இரிக்கா?" என்று மாமி கேட்டார். "ஒண்டுமில்ல மாமி" என்று சிரித்தேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வெயிலோடு கிளம்பிவிட்டார். என்ன அவசரமோ. பலகாரம் நல்ல மொறுமொறுப்பு. நானும் நௌஷாட்டும் ஒரே இருப்பில் முடித்தோம். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "தின், நல்லாத் தின்" என்றார்.

இப்படிக்கு,
நிதுர்ஷன்


கல்லூரி விடுதி, கண்டி
31.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று தாளைப் பார்க்கத் தெரிகிறது.

பலகாரம் மொறுமொறுப்பாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அம்மா இரண்டு நாள் அடுப்படியில் நின்று சுட்டது. ருசியாக இருந்தால் சரி.

உங்கள் ஒற்றை வசனத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். மாமா ஒன்றுமில்லை என்று சொன்னாலும் காக்கா பெட்டியைப் பார்க்கிறார். நேர்முகத்தில் உங்கள் பெட்டி யாருக்குத் தெரியப் போகிறது? வழிகாட்டி என்றால் பட்டதைச் சொல்கிற ஆள், மச்சான். மறைக்கிற ஆள் இல்லை.

"சின்ஸ்" என்பது தொடங்கிய இடம், "ஃபோர்" என்பது நீளம். மறுபக்கத்தில் பயிற்சி எழுதியிருக்கிறேன். சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வருவேன். உங்கள் தோணியில் ஏறி, பயணிகளோடு எப்படிக் கதைக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.
ஆர்த்திகா


தேற்றாத்தீவு
05.05.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ்ஸில் யன்னல் இடம் கிடைத்ததா? அம்மா கட்டித் தந்த சோறு வழியில் பழுதாகவில்லையே?

நீ தோணியில் இருந்த அன்று நான் பெரிய பிழை விடவில்லை என்று நௌஷாட் சாட்சி சொல்கிறான். நீர்நாய் விஷயத்தில் மட்டும் நீ கோபப்பட்டாய். கரையோரக் கண்ணா மரப் பற்றைக்குள் அது குட்டிகளோடு போனதை நீயும் கண்டாய், நானும் கண்டேன். வெள்ளைக்காரர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ முழங்கையால் என் விலாவில் இடித்தாய், நான் வாயைத் திறக்கவில்லை. விலா இன்னும் நோகிறது. என்ன செய்ய, நல்லதைக் கண்டால் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

வேறு ஒரு செய்தியும் காதில் விழுந்தது. களுவாஞ்சிகுடிச் சந்தையில் சொன்னார்கள். மாமி செட்டிபாளையத்தில் ஒரு வங்கி உத்தியோகத்தர் வீட்டுக்குப் பலகாரப் பெட்டியோடு போய் வந்தாராம். நல்ல விஷயம். வாழ்த்துகள். வங்கிக்குள் எந்நேரமும் ஏசி போட்டிருப்பார்கள், உனக்கும் குளிர் பழகிவிட்டது, பொருத்தம்தான். எனக்கு ஒன்றுமில்லை. சந்தோஷம்.

ஆங்கிலத் தாளில் இம்முறை பிழைகள் கூடுதலாக இருக்கலாம். அன்றைக்குக் கை சரியில்லை.

நிதுர்ஷன்


கல்லூரி விடுதி, கண்டி
16.06.2024

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகம். பதில் பிந்தியதற்குப் பரீட்சைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாளைத் திருத்தி இணைத்திருக்கிறேன். பிழைகள் கூடுதல்தான். வாழ்த்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அதையும் திருத்தியிருப்பேன். தமிழில் எழுதியதால் அப்படியே விட்டுவிட்டேன்.

நேர்முகத்துக்கு இஸ்திரி போட்ட சேட்டு போடுங்கள். கேள்வியில் "ஹேவ் யூ" வந்தால் பதிலிலும் "ஐ ஹேவ்" என்று தொடங்குங்கள். எப்போது என்று கேட்டால் மட்டும் நாளுக்கு மாறுங்கள். அவசரப்படாதீர்கள். முப்லிஹா துஆச் செய்வதாகச் சொன்னாள்.

ஆர்த்திகா


தேற்றாத்தீவு
21.07.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நலம். எஞ்சினுக்குக்கூட இருமல் நின்றுவிட்டது.

நேர்முகம் முடிந்தது. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். பெயர், ஊர், எவ்வளவு காலமாகத் தோணி ஓட்டுகிறாய் என்றெல்லாம் கேட்டார்கள். "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் ஐ வாஸ் போர்ன்" என்று உன் வசனத்தை உன் குரலிலேயே சொன்னேன். மூவரும் தலையாட்டினார்கள். அடுத்து மேடம், இந்த லகூனில் என்னென்ன பார்த்திருக்கிறாய் என்றார்.

"நதிங் ஸ்பெஷல், மேடம்."

எத்தனை பயணிகளை ஏற்றியிருக்கிறாய்? "ஜஸ்ட் எ ஃபியூ." முதலை பார்த்திருக்கிறாயா? "சம்டைம்ஸ்." சத்தியமாகச் சொல்கிறேன், மறைக்க நினைக்கவில்லை. அப்பாவின் குரல் என் தொண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. மேடம் பேனாவை வைத்துவிட்டுத் தமிழில் சொன்னார். "தம்பி, உங்கட இங்கிலீஸ் நல்லாத்தான் இரிக்கு. ஆனா ஒண்டுமே காணாத ஆள நம்பி ஒரு விருந்தாளிய எப்பிடித் தோணியில ஏத்துற? ஒக்டோபரில திரும்பி வாங்க."

வெளியே நௌஷாட் இரண்டு புரியாணிப் பார்சலோடு நின்றான். "என்ன மச்சான், எப்பிடி?" என்றான். "ஒண்டுமில்லடாப்பா" என்றேன். என் பார்சலையும் அவனே சாப்பிட்டான்.

ஒக்டோபர் வரைக்கும் விசா காத்திருக்காது. செப்டெம்பரில் விமானம். அண்ணாவுக்கு ஓம் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. நீ எனக்காக வீணாக்கிய சிவப்பு மைக்கு மன்னித்துக்கொள். உன் கலியாணத்துக்குக் கட்டாரிலிருந்து நல்ல பரிசு ஒன்று அனுப்புவேன்.

நிதுர்ஷன்


கல்லூரி விடுதி, கண்டி
28.07.2024

மச்சானுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மாமா சுகமா? மாமி சுகமா? உங்கள் வாய் சுகமா?

பரிசு அனுப்பப் போகிறாராம் பரிசு!

மார்ச் மாதம் அம்மா பட்டுச் சேலை கட்டி வெற்றிலையோடு வந்தது எதற்கென்று உங்களுக்கு உண்மையாகவே தெரியாதா? நம் பக்கத்தில் பெண் வீட்டார்தானே மாப்பிள்ளை கேட்டுப் போவது? அம்மா என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தார். நான் ஓம் என்றேன். உங்கள் அம்மாவுக்கும் அது தெரியும். பொடியனிடம் பட்டும் படாமலும் ஒரு வார்த்தை கேட்பது, அவனுக்கு விருப்பமில்லையென்றால் அத்தோடு விட்டுவிடுவது, அண்ணன் தங்கை வீட்டுக்குள் மனக்கசப்பு வரக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். அன்றைக்கு நானும் முப்லிஹாவும் போனைப் பார்த்தபடியே இருந்தோம். அம்மா எடுத்தார். "அவனுக்கு ஒண்டுமில்லையாம்கா" என்றார். நான் அழுதேன் மச்சான். அழுது முடித்த கையோடு உங்கள் கடிதம் வருகிறது, பலகாரம் மொறுமொறுப்பு என்று!

செட்டிபாளையத்தார் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஓகஸ்ட் முடிய முன் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். நல்ல மனிதர் என்கிறார்கள். அவரில் ஒரு குறை கண்டுபிடிக்க நானும் மினக்கெட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீங்கள் இல்லை என்பதுதான் அவரிடம் உள்ள குறை.

எனக்கு உங்களைப் பிடிக்கும். இதோ, எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. சொன்னால் கண்ணூறு படும் என்கிறீர்களே, என் கண்ணும் ஊர்க் கண்ணா?

பெப்ரவரியில் கேட்ட அந்தப் பக்கத்தை இப்போது எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள். மறுபடியும் ஒன்றுமில்லை என்று வந்தால் கட்டாருக்குச் சுகமாகப் போய் வாருங்கள்.

ஆர்த்திகா


தேற்றாத்தீவு
08.08.2024

என் ஆர்த்திகாவுக்கு,

வாய் இப்போது சுகம். கேள்.

விடியப்புறத்தில் கண்ணா வேர்களுக்கு நடுவே நீர்நாய் தன் குட்டியைக் கழுத்தில் கவ்வித் தண்ணீருக்குள் தள்ளி நீந்தப் பழக்கியதைப் பார்த்திருக்கிறேன். குட்டி அழ அழத் திரும்பவும் தள்ளும். முதலை ஒன்று வாயைப் பிளந்தபடி வெயில் காய, அதன் மூக்குக்கு முன்னால் கொக்கு ஒன்று கோயிலுக்குப் போகிற மாதிரி நிதானமாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். மாரியில் ஆற்றுவாயின் மணல்மேட்டை வெட்டிவிட்ட அன்று ஆறு முழுக்கக் கடலைப் பார்த்து ஓடியதை, அதற்கு எதிராக மீன்கள் ஏறி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வலை நிறையப் பட்ட ஒரு நாள், யாருமில்லை என்று நினைத்து அப்பா தோணியில் எழுந்து நின்று பாட்டுப் பாடியதைப் பார்த்திருக்கிறேன். கரை கிட்ட வரவர முகத்தை உம்மென்று ஆக்கிக்கொள்வார்.

பத்தாம் வகுப்பில் நீ புதுச் சப்பாத்தோடு சேற்றில் இறங்கினாய். ஒரு சப்பாத்து ஆற்றோடு போனது. மற்றது எதற்கு என்று அதையும் தூக்கி வீசிவிட்டுச் சிரித்தாய். அதையும் பார்த்திருக்கிறேன். நீ வீசிய சப்பாத்து எஞ்சின் பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது.

இவற்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம். மாமி வெற்றிலையோடு படலையைத் திறந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. பெட்டி நிறைந்திருக்கும் நாளில்தான் எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்போம். அன்றைக்கு என் பெட்டி நிறைந்திருந்தது. சொல்லிவிட்டு, மாமி இன்னொரு தரம் கேட்பார் என்று நின்றேன். காக்கா என்றால் பெட்டியைப் பார்த்திருப்பார். மாமி போய்விட்டார். எனக்கு உன்னைப் பிடிக்கும் ஆர்த்திகா. சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

நேற்று மாமியிடம் போனேன். மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பெண் கேட்பது வழக்கமில்லை, அப்பாவுக்குத் தலைகுனிவு. அதனால் நான் கேட்கவில்லை. "மாமி, மார்ச்சில ஒரு கேள்வி கேட்டீங்க. மறுகா ஒருக்கா வந்து கேளுங்க" என்றேன்.

மாமி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "பலகாரம் தின்ன ஆசையாக்கும்" என்றார்.

"பலகாரம் வேணாம் மாமி. கேள்விதான் வேணும். கட்டாருக்குப் போகல்ல எண்டு அண்ணாக்கும் சொல்லிட்டன்."

துருவல் நின்றது. மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல அந்த ஒக்டோபர்க்காரருக்கு வாயத் திறந்து சொல்லு. அங்க சொன்னாத்தான் இஞ்சயும் சொல்லுவாய். மறுகா வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் துருவத் தொடங்கினார். இது ஓமா, இல்லையா? உன் அம்மாவை நீதான் மொழிபெயர்க்க வேண்டும்.

அண்ணா போனில் ஏசிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஒக்டோபரும் தவறினால் எனக்குக் கட்டாருமில்லை, தோணியுமில்லை. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது.

உன்,
நிதுர்ஷன்


கல்லூரி விடுதி, கண்டி
18.08.2024

அன்பான மச்சானுக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். அம்மா எல்லாம் சொல்லிவிட்டார். "அவன் வந்து நிண்ட கோலத்தப் பாக்கணுமே நீ, குளிசை விழுங்கின கோழி மாதிரி" என்று சிரித்தார். அம்மா சிரித்தால் ஓம் என்று அர்த்தம். செட்டிபாளையத்துக்கு நேரிலேயே போய் மன்னிப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த மனிதர் முகம் கோணாமல் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாராம். அவருக்கு நல்லதொரு இடம் அமைய வேண்டும்.

உங்கள் பக்கத்தை நான் திருத்தவில்லை. முப்லிஹாவுக்கும் காட்டவில்லை. அந்தக் கோபத்தில் அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பாடம் படிக்கும்போது புத்தகத்துக்குள் வைத்து வாசிக்கிறேன்.

ஒக்டோபரை நினைத்தால் எனக்குப் பயம்தான். மேடம் கேட்டால் இந்தப் பக்கத்தை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லுங்கள், சப்பாத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது எனக்கு மட்டும். அது இடது காலா, வலது காலா?

உங்கள்,
ஆர்த்திகா


தேற்றாத்தீவு
20.10.2024

அன்புள்ள ஆர்த்திகாவுக்கு,

இரண்டு சோடிக் காலுறையும் இரண்டு காலும் நலமா? சப்பாத்து இடது கால்.

போனில் எல்லாம் கேட்டுவிட்டாய். ஆனாலும் தாளில் வர வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய், ஆகவே எழுதுகிறேன். அதே அறை, அதே மேடம். ஜூலைக்குப் பிறகாவது எதையும் பார்த்தாயா என்று சிரிப்போடு கேட்டார். "ஐ ஹேவ் சீன்" என்று தொடங்கினேன். நீர்நாய், முதலை, கொக்கு, ஆற்றுவாய், அப்பாவின் பாட்டு. இடையில் இரண்டு மூன்று பிழை போயிருக்கும், நான் நிற்கவில்லை. அடுத்த ஆள் வந்து கதவைத் தட்டினான். மேடம் அவனை இருக்கச் சொல்லிவிட்டு, கொக்கைப் பற்றி மறுபடியும் சொல்லச் சொன்னார். கடைசியில், "இதெல்லாம் ஏன் தம்பி போன முறை சொல்லல்ல?" என்றார். "கண்ணூறு பட்டிரும் எண்டு, மேடம்" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பத்திரம் கையில் கிடைத்ததும் நௌஷாட் வானின் ஹோர்னை அடித்த அடியில் ஒரு பொலிஸ்காரர் ஓடி வந்தார்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை மாமி வந்தார். அதே பட்டுச் சேலை, அதைவிடப் பெரிய பெட்டி. இம்முறை குசினிக்குள் போகவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டு ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார். "மனே, உன்ட மனசில என்னவும் இரிக்கா?"

என்ன சொல்ல, பாழாய்ப்போன வாய் பழைய சொல்லுக்கே திறக்கப் பார்த்தது. அம்மா அகப்பையை ஓங்கிவிட்டார். "ஓம் மாமி. ஆர்த்திகா இரிக்கா" என்றேன். வேலிக்கு அப்பால் யாரோ கைதட்டினார்கள். மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதச் சொல்ல உனக்கு இவ்வளவு காலம்" என்று என் வாய்க்குள் ஒரு பலகாரத்தைத் திணித்தார்.

அப்பா வெற்றிலையை வாங்கி வைத்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மனசுக்குள் என்ன ஓடுகிறதோ என்று எனக்குப் பயம். நேற்றுக் காலை கரையில் வழக்கம்போல அப்துல் கபூர் காக்கா வந்தார். "என்ன கோணாமலை, என்ன பட்டது?"

அப்பா எழுந்து நின்றார். "நல்லாப் பட்டிரிக்கு காக்கா!" என்று சத்தமாகச் சொன்னார்.

கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. காக்கா பதறிப்போய்ப் பெட்டியை எட்டிப் பார்த்தார். உள்ளே இரண்டு மணலைக் குஞ்சுதான் கிடந்தது. அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்!" என்றார். "கலியாணம் எப்ப?"

காக்காவுக்கு என்ன பதில் சொல்லட்டும்? சீக்கிரம் எழுது.

உன்,
நிதுர்ஷன்